உயிரோடு இருந்தவருக்கு ஒரு கல்வெட்டு

நெடுங்கேணிச் சந்தியில் இறங்கி, திரைக்கதை எழுத்தாளர் கௌசலாவின் வீடு எது என்று கேட்டால் கேட்டவரை மேலும் கீழும் பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் எழுதுகிறவர் என்றால் முன்பள்ளி ரீச்சர்மார் இரண்டொருவர் கையைக் காட்டக்கூடும். கல்வெட்டு எழுதுகிற கௌசலா என்றால் போதும், மரக்கறி விற்கிறவரே தராசை வைத்துவிட்டு அவள் வீட்டுப் படலை வரைக்கும் கொண்டுவந்து விடுவார்.

செத்த வீடு நடந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு வந்து சாப்பிட்டுப் போகிறவர்களின் கையில் கொடுக்கிற சின்னப் புத்தகம்தான் கல்வெட்டு. அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் புலம்புவதாக நாலு பாட்டு, கடைசியில் நன்றி நவிலல். எல்லாக் கல்வெட்டிலும் ஆள் ஒருவர்தான். இனிமையாகப் பழகுவார், விருந்தோம்பலில் சிறந்தவர், ஊருக்கு உழைத்தவர். ஊரை ஏய்த்துப் பிழைத்தவருக்கும் அதே வரிதான். அச்சகத்தில் அச்சு தயாராக இருக்கும், பெயரை மட்டும் மாற்றினால் சரி.

கௌசலா அப்படி எழுத மாட்டாள். செத்த வீட்டுக்குப் போய், அழுது ஓய்ந்தவர்களாகப் பார்த்துப் பக்கத்தில் இருந்து கேட்பாள். ஆள் வீட்டுக்குள் வந்தால் முதலில் என்ன செய்வார்? கோபம் வந்தால் எங்கே போய் இருப்பார்? ஒரு பாத்திரத்தைப் பேச்சால் காட்டாதே, செய்கையால் காட்டு என்பது திரைக்கதைக்காரரின் பாடம். அந்தப் பாடம் படத்தில் உதவியதை விடக் கல்வெட்டில்தான் அவளுக்கு உதவியது. சில்லறைக் கடை வைத்திருந்த ஒருவர், மழை தூறினால் முதலில் அடுத்த வீட்டுக் கொடியில் காயும் உடுப்பை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் தன் சாமான்களை உள்ளே எடுப்பார் என்று ஒரு கல்வெட்டில் எழுதினாள். அவரோடு காலமெல்லாம் வேலிச் சண்டை பிடித்த அந்த அடுத்த வீட்டுக்காரி பந்தியில் இருந்தபடியே அழுதாள். சோற்றில் கை வைக்கவில்லை.

இதெல்லாம் கௌசலாவுக்குப் பெருமையாக இருந்தது என்று நினைத்தால் பிழை. அவளுக்கு எரிச்சல்தான். படம் எழுத வந்தவள் அவள். அவளுடைய குறும்படங்களுக்குக் கனடாவிலும் பாரிஸிலும் இருந்து காசு போடுகிற தம்பிமார் தொலைபேசியில் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "அக்கா, இன்னும் கொஞ்சம் அழுத்தமாய் வேணும்." அதற்கு, இன்னுமொருவர் சாக வேண்டும் என்று பொருள். அவளும் சாகடிப்பாள். தாயைச் சாகடித்தாள், காதலனைச் சாகடித்தாள், ஒரு படத்தில் ஒன்றுமறியாத தபால்காரரையும் சாகடித்தாள். அந்தப் படங்கள் வெளிநாட்டில் ஏதாவது மண்டபத்தில் ஒரு தடவை ஓடும். சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போகும். எழுத்து கௌசலா என்று திரையில் வரும்போது பெரும்பாலும் லைட்டைப் போட்டுவிடுவார்கள்.

செய்த பாவத்துக்குப் பரிகாரம் போலத்தான் சின்னப் பிள்ளைகளின் புத்தகங்கள். அவற்றில் ஒருவரும் சாவதில்லை. யுத்தம் முடிந்து செட்டிகுளம் முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குள் பிள்ளைகளை வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு ஓணானின் கதையைச் சொன்னாள். அதைப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் படம் கீறிப் புத்தகமாக அடித்தது. அதற்குப் பிறகு ஆமை, மைனா, கழுத்து மணியைத் தொலைத்த எருமை என்று வரிசையாக வந்தன. வன்னியில் பாதி முன்பள்ளிகளில் அவை கிழிந்து போய்க் கிடக்கின்றன. பிள்ளைகளின் புத்தகத்துக்குக் கிழிவதை விடப் பெரிய விருது கிடையாது என்பாள்.

பரமலிங்கத்தை அவள் கண்டதும் ஒரு படப்பிடிப்பில்தான். இடம்பெயருகிற காட்சிக்கு உழவு இயந்திரம் ஒன்று வேண்டியிருந்தது. சாரதியாக வந்தவர் இவர். கமராவை நிறுத்தி, வெளிச்சம் சரிபார்த்து, நடிக்க வந்த பெண் அழுகையைத் தொடங்கிய நேரத்தில் பின்னால் இழுக்கிற பெட்டிக்குள் ஆள் நித்திரையாகிவிட்டார். ஒப்பாரிக்கு நடுவே குறட்டை. இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார், கௌசலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் படத்திலேயே பொய்யில்லாத சத்தம் அது ஒன்றுதான் என்று பிறகு அவரிடமே சொன்னாள். அடுத்த வருடம் கலியாணம்.

அவருக்கு அது இரண்டாம் கலியாணம். முதல் மனைவி சுகந்தினி முள்ளிவாய்க்காலில் செல் குண்டு விழுந்து இறந்தவர். பரமலிங்கம் தன் கையாலேயே புதைத்தார். ஒரு மகள், டிலக்சிகா, அப்போது ஆறு வயது. வட்டுவாகல் பாலம் தாண்டி வந்த அன்றைக்கு, காலில் காயம் என்று பரமலிங்கத்தை ஆமிக்காரர் வேறு பக்கம் பிரித்தார்கள். பிள்ளையைத் தெரிந்த ஒரு பெண்ணின் கையில் பிடித்துக் கொடுத்தார். பஸ் ஏறுகிற நெரிசலில் கை விட்டுப் போயிற்று என்று அந்தப் பெண் பிறகு முகாமில் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளை கிடைக்கவில்லை. அவர் ஏறாத அலுவலகம் இல்லை, பார்க்காத சிறுவர் இல்லம் இல்லை. இறந்ததாகப் பதிந்து ஒரு சான்றிதழ் எடுங்கோ, உதவி கிடைக்கும் என்று அதிகாரிகள் சொன்ன போதெல்லாம், "என்ர பிள்ளை சாகேல்லை" என்று எழும்பி வந்தார். காணாமல் போன பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவோரப் பந்தலில் இருந்தவர்களோடு அவரும் இருந்தார்.

கௌசலாவுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. எழுதி முடித்த சிறுவர் கதையை அவள் முதலில் அவருக்குத்தான் வாசித்துக் காட்டுவாள். அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"பின்னேரத்துக்கிடையில அது வீட்டை போயிடும்தானே?"

ஓணான் போயிற்று. ஆமை போயிற்று. ஒரு தடவை மைனாவை ஒரு இரவு முழுக்கக் காட்டுக்குள் விட்டிருந்தாள். அவர் அன்றைக்குச் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த நாள் அவள் அதைத் திருத்தி, மைனாவைச் சூரியன் படுமுன்னே கூட்டில் சேர்த்தாள். எந்தப் பிள்ளையை நினைத்துக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். ஊரிலுள்ள செத்த வீடெல்லாம் ஏறிக் கேள்வி கேட்கிறவள், சொந்த வீட்டில் அந்த ஒன்றை மட்டும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டால் உடைந்து விடுவார் என்ற பயம். கொஞ்சம் பொறாமையும்தான், அதை மறைப்பானேன்.

இப்படி இருக்கும்போது அவருக்குச் சிறுநீரகம் பழுதாகிற்று. வவுனியா வடக்கில் வயல் செய்கிறவர்களுக்கு வருகிற வருத்தம் அது, தண்ணீர் என்கிறார்கள், வயலுக்கு அடிக்கிற மருந்தென்கிறார்கள், யாரைக் கேட்டாலும் ஒரு காரணம் சொல்வார்கள். பஸ் ஏறி வவுனியாவுக்குப் போய் இரத்தம் சுத்தப்படுத்திக்கொண்டு வருவார். வந்த நாளில் முகம் வெளிறி, முற்றத்து வேப்பமர நிழலில் சாய்மனைக் கதிரையில் கிடப்பார். உடம்பு நாளுக்கு நாள் வற்றியது. பிழைக்க மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஒருவருக்குத் தெரியும் என்பது மற்றவருக்குத் தெரியாதது போல இருவரும் நடந்துகொண்டார்கள்.

ஒரு நாள் முற்பகல், அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டார்.

"இஞ்சேரும், எனக்கும் ஒண்டு எழுதித் தாரும்."

ஊரில் பாதிப் பேர் மனைவியை நீ என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் கோபத்திலும் நீர் என்பதில் இருந்து இறங்கியதில்லை.

"என்னத்தை?"

"கல்வெட்டு."

சுளகு கையில் அப்படியே நின்றது. "விசர்க்கதை கதைக்காதேங்கோ."

"எல்லாற்றையும் எழுதுறீர். நான் செத்தாப் பிறகு என்ரதையும் எழுதுவீர்தானே. ஊரெல்லாம் வாசிக்கும், நான் மட்டும் கேக்க ஏலாது. எனக்குக் கேக்க வேணும். இருக்கேக்கையே வாசிச்சுக் காட்டும்."

அவள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். கடதாசியில் அத்தனை பேரைச் சாகடித்தவள் பேனை இருந்த பக்கமே போகவில்லை. இருக்கிற ஆளுக்குக் கல்வெட்டு எழுதினால் எழுதினபடி நடந்துவிடும் என்ற பயம், படிப்பால் போகாத பயம். பக்கத்து வளவில் இருந்த அவருடைய அக்கா நாகேஸ்வரி இதைக் கேள்விப்பட்டு வேலியால் பாய்ந்து வராத குறையாக வந்தாள்.

"உயிரோட இருக்கிறவனுக்குக் கல்வெட்டோ? எமனுக்கு அழைப்பிதழ் அடிக்கிறியளோ ரெண்டு பேரும்?"

"நான் எழுதேல்லை மச்சாள்."

"எழுதிப் பார், உன்ர கையை முறிக்கிறன்," என்று சொல்லிவிட்டு, தம்பியின் காலடியில் இருந்து அழுதாள்.

கௌசலா ஒரு சூழ்ச்சி செய்தாள். உழவு இயந்திரம் ஓட்டுகிற ஒரு கரடியைப் பற்றிச் சிறுவர் கதை எழுதினாள். கரடி வேலை நேரத்தில் குறட்டை விடும், குறட்டைக்குப் பயந்து யானைகள் வயலுக்கு வராது, ஊர் செழிக்கும். பரமலிங்கம் முழுவதையும் கேட்டார். நல்ல இடங்களில் சிரித்தார், சிரித்தபோது மூச்சு இழுத்தது.

"நல்லாயிருக்கு. பிள்ளையளுக்குப் பிடிக்கும். இனி என்ர கல்வெட்டைக் கொண்டு வாரும்."

வஞ்சகமில்லாத மனிதரை ஏமாற்றுவதைப் போலக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை.

அந்தக் கிழமைதான் கனடாத் தம்பி அழைத்தான். குறும்படமில்லை, முழுநீளப் படம். இந்தியாவில் இருந்து ஒளிப்பதிவாளர் வருகிறார், தை மாதத்துக்குள் திரைக்கதை வேண்டும், அக்காதான் எழுத வேண்டும். இருபது வருடமாக அவள் காத்திருந்த அழைப்பு. அவள் போனைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்தாள். கதிரைக்குள் அவர் பிழிந்து போட்ட துவாய் போலச் சுருண்டு கிடந்தார்.

"தம்பி, இப்ப என்ர கையில வேறொரு வேலை இருக்கு."

"என்னக்கா, ஆருக்கு எழுதுறியள்?"

"வீட்டுக்காரருக்கு," என்றாள். அவன் சிரித்தான், பகிடி என்று நினைத்திருப்பான். அந்தப் படத்தை வேறொருவர் எழுதினார். நன்றாக ஓடியது என்று கேள்வி. அவளுக்கு இன்றைக்கும் அதில் மனத்தாங்கல் உண்டு, இல்லை என்று சொன்னால் அது பொய்.

எழுத இருந்தால் வரவில்லை. பிறரிடம் கேட்கிற கேள்விகளைத் தன்னிடமே கேட்டாள். ஆள் வீட்டுக்குள் வந்தால் முதலில் என்ன செய்வார்? வாசலில் நின்று உள்ளே இருக்கிறவர்களைக் கண்ணால் எண்ணுவார். அவளும் அவரும் மட்டும் இருக்கிற வீட்டில் என்னத்தை எண்ணுகிறார் என்று அவள் பலதடவை எரிந்து விழுந்திருக்கிறாள். அதை எழுதினாள். கோபம் வந்தால் உழவு இயந்திரத்தைக் கழுவுவார், அதனால் அது எப்போதும் அழுக்காகவே நிற்கும் என்று எழுதினாள். படப்பிடிப்புக் குறட்டையை எழுதினாள். எழுதியபடியே அழுதாள்.

அடுத்த நாள் காலை வெயில் ஏறுமுன் அவருக்குப் பக்கத்தில் வாங்கைப் போட்டு இருந்து வாசித்தாள். நாகேஸ்வரி வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டுகிற சாட்டில் ஒரே இடத்தையே கூட்டிக்கொண்டு நின்றாள்.

குறட்டை வந்ததும் அவர் கையை உயர்த்தினார். "அதை எடுத்துவிடும். சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டுக்கும். செத்த வீட்டில ஒருக்கால் சிரிச்சால் என்ன?"

"சரி, விடும்."

பிறகு எல்லாக் கல்வெட்டிலும் வருகிற அந்த உறவு வரிசை. அவள் வாசித்தாள். "அன்னார் காலஞ்சென்ற சுகந்தினி, மற்றும் கௌசலா ஆகியோரின் அன்புக் கணவரும், டிலக்சிகாவின் பாசமிகு தந்தையும், நாகேஸ்வரியின் அன்புச் சகோதரரும் ஆவார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நித்திரை என்று அவள் நினைத்தாள்.

"டிலக்சிகாவுக்கு முன்னாலயும் போடும்."

"என்னத்தை?"

"காலஞ்சென்ற எண்டு."

விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. அந்தச் சொல்லை எழுதச் சொன்ன அதிகாரிகளின் மேசையில் இருந்தெல்லாம் எழும்பி வந்த மனிதர். அவள் மெல்ல, "நீங்கள்தானே..." என்று தொடங்கினாள்.

"ஓம். இவ்வளவு காலமும் அவள் இஞ்சை எங்கையோ இருக்கிறாள் எண்டுதான் நான் இருந்தனான். இனி நான் போகப்போறன். அவள் இஞ்சை இருக்கிறாள் எண்டால், நான் எப்பிடி விட்டிட்டுப் போறது? இன்னுமொருக்கால் கையை விட என்னால ஏலாது." மூச்சு வாங்கினார். "அங்கை நிக்கிறாள் எண்டு எழுதும். தாயோட நிக்கிறாள் எண்டு. நான் அவையிட்டைப் போறன் எண்டு நினைச்சுக்கொண்டு போறன்."

கௌசலா கடதாசியில் அந்தப் பெயரைப் பார்த்தாள். அங்கே மூன்று பேரும் ஒன்றாக இருப்பார்கள், தான் இங்கே தனியாக என்று ஒரு நினைவு வந்தது. சாகப்போகிற மனிதருக்கு முன்னால் வரக்கூடாத நினைவுதான். ஆனாலும் வந்தது. சின்னப் பிள்ளைகளின் கதையில் ஒரு மைனாவை ஒரு இரவுக்கு வெளியே விட்டதற்குச் சாப்பிடாமல் கிடந்தவர், இன்றைக்குப் பெற்ற பிள்ளையை முடித்துவிடச் சொல்கிறார் என்றால், அந்த மனிதர் எவ்வளவு களைத்துப் போயிருக்க வேண்டும். அதை நினைத்ததும் மற்ற நினைவு ஓடிப்போயிற்று.

அவள் பேனையை எடுத்தாள். பிள்ளையின் பெயருக்கு முன்னால் இருந்த சின்ன இடைவெளியில் அந்தச் சொல்லை நெருக்கி எழுதினாள். அவள் வாழ்நாளில் எழுதிய எழுத்தெல்லாவற்றிலும் கஷ்டமான எழுத்து அது. பிறகு முதலில் இருந்து வாசித்தாள். "காலஞ்சென்ற டிலக்சிகாவின் பாசமிகு தந்தையும்..."

"இன்னுமொருக்கால் வாசியும்."

வாசித்தாள்.

"காணும்," என்றார். கண்ணோரத்தால் நீர் வழிந்து காதுக்குள் போனது. அவள் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அன்றைக்கு மத்தியானம் கன நாளைக்குப் பிறகு குறட்டை விட்டு நித்திரை கொண்டார்.

மார்கழி மழை விடுமுன்னே போய்விட்டார். காலையில் பால்தேத்தண்ணி கேட்டார், அவள் ஊற்றிக்கொண்டு வந்தபோது ஆள் இல்லை. முகத்தில் பயம் இருக்கவில்லை. அவள் அதைத்தான் வந்தவர்களிடம் எல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னாள், பயப்படாமல் போனார், பயப்படாமல் போனார் என்று.

முப்பத்தோராம் நாள் சனம் நிறைய வந்தது. அட்டையில் உழவு இயந்திரத்தோடு நிற்கிற படம். பந்திக்கு இருந்தவர்கள் குறட்டைப் பக்கத்தை ஒருவருக்கு ஒருவர் காட்டிச் சிரித்தார்கள், சிரித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்கள். முன்பள்ளி ரீச்சர் ஒருத்தி, இதுதான் நீங்கள் எழுதினதில் நல்ல புத்தகம் என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்தாள். கௌசலா தலையை ஆட்டினாள். அது உண்மை என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

எல்லோரும் போன பிறகு நாகேஸ்வரி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வரியாக வாசித்தாள். உறவு வரிசைக்கு வந்ததும் விரல் ஓரிடத்தில் நின்றது. மேலே போய்த் திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது.

"கௌசி, பிள்ளைக்கு முன்னால அந்தச் சொல் இல்லை."

"இல்லை மச்சாள்."

"அச்சுக்காரன் விட்டிட்டானோ?"

"நான்தான் எடுத்துவிட்டனான்."

"அவன் போடச் சொன்னவன். நானும் வேலிக்க நிண்டு கேட்டனான்."

"அவருக்கு வாசிக்கேக்க போட்டுத்தான் வாசிச்சனான். கடைசி நாள் வரைக்கும் போட்டுத்தான் வாசிச்சனான்." கௌசலா எச்சில் வாழையிலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து அடுக்கினாள். "அவர் போறதுக்கு அது வேண்டியிருந்தது."

"பிறகேன் எடுத்துவிட்டனி?"

கௌசலா வாசலைப் பார்த்தாள். வாசலில் நின்று ஒவ்வொரு நாளும் கண்ணால் எண்ணுகிறவர் இனி இல்லை. அந்த வேலை சும்மா கிடக்கிறது.

"பிள்ளை வந்தால், வீட்டில ஆராவது இருக்கவேணும்தானே மச்சாள்."